சும்மா இருந்தவர்களின் மதிப்பெண் எங்கே?

நீங்கள் கேட்டது இதுதான்: மகள் படிக்கும் பள்ளியில் ஒரு நினைவாற்றல் பயிற்சிக்கு நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். 12 வாரத்தில் ஐக்யூ 15 புள்ளி கூடும், இது ஆய்வில் நிரூபிக்கப்பட்டது, பி மதிப்பு 0.05-க்குக் கீழே என்று அதில் அச்சடித்திருக்கிறது. புள்ளியியல் படிக்காத ஒருவர் இதை எப்படிச் சரிபார்ப்பது?

பி மதிப்பை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் தேட வேண்டியது பயிற்சி எடுக்காமல் சும்மா இருந்தவர்களை. அவர்களுக்கும் அதே தேர்வை அதே இடைவெளி விட்டு இரண்டு தடவை வைத்தார்களா, வைத்திருந்தால் அவர்களுடைய மதிப்பெண் எவ்வளவு கூடியது? இதற்குப் பதில் இல்லையென்றால் அதற்கு மேல் எந்தக் கணக்கும் போட வேண்டியதில்லை. நான் பல வருடமாகப் புள்ளியியல் சொல்லித் தருகிறேன். சூத்திரத்தை மனப்பாடமாகச் சொல்கிற பிள்ளைகள்கூட இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

ஏனென்றால் சும்மா இருந்தாலே மதிப்பெண் கூடும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஐக்யூ தேர்வின் சராசரி 100, திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகி நிற்கும் என்கிற அளவு) 15. ஒரு பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தேர்வு வைத்து, குறைவாக வாங்கியவர்களை மட்டும் பொறுக்கி, அவர்களுடைய சராசரி 80 என்று வைத்துக்கொள்வோம். முதல் தேர்வுக்கும் இரண்டாம் தேர்வுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு (இரண்டு மதிப்பெண்ணும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் எண், முழுக்க ஒத்துப்போனால் 1) 0.8 என்றால், எதுவுமே செய்யாமல் மறுபடி தேர்வு வைத்தாலும் அவர்களுடைய சராசரி 84 ஆகிவிடும். 80 வாங்கிய கூட்டத்தில் அன்றைக்குக் காய்ச்சலோடு வந்தவர், தூக்கம் கெட்டவர், கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டவர் எல்லாம் சேர்ந்திருப்பார்கள், அடுத்த தடவை எல்லோருக்கும் அதே கெட்ட நாள் அமையாது. அப்புறம் பழக்கம். ஒரே மாதிரித் தேர்வை இரண்டாம் தடவை எழுதும்போது சராசரியாகக் கால் திட்டவிலக்கம் கூடுகிறது என்று 50 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2007-ம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்று சொல்கிறது, ஐக்யூ அளவில் அது கிட்டத்தட்ட 4 புள்ளி. ஆக 4-ம் 4-ம் 8 புள்ளி, வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்கும். இந்த 8-ஐக் கழிக்காமல் "எங்கள் பயிற்சிக்கு முன், எங்கள் பயிற்சிக்குப் பின்" என்று இரண்டு பட்டையை வரைந்து காட்டினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

சரி, ஒப்பீட்டுக்கு ஒரு குழு இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதோடு பிரச்சினை தீர்ந்ததா? தீரவில்லை. இந்தத் துறையில் நடந்த மிகப் பெரிய வாக்குவாதமே அந்தக் குழு என்ன செய்துகொண்டிருந்தது என்பதைப் பற்றித்தான், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2008-ல் சூசன் யேகியும் அவருடைய சகாக்களும் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பயிற்சி இப்படி இருக்கும்: திரையில் ஒரு சதுரம் இடம் மாறி மாறித் தோன்றும், கூடவே காதில் ஓர் எழுத்து ஒலிக்கும். இப்போது பார்த்த இடமோ கேட்ட எழுத்தோ இரண்டு தடவைக்கு முன்னால் வந்ததோடு ஒத்துப்போனால் பொத்தானை அழுத்த வேண்டும், நன்றாகச் செய்தால் இரண்டு மூன்றாகும், மூன்று நான்காகும். செய்து பாருங்கள், பத்து நிமிடத்தில் தலை சுற்றும். டூயல் என்-பேக் என்று பெயர். ஒரு நாளைக்குச் சுமார் 25 நிமிடம் வீதம் சிலர் 8 நாள், சிலர் 12, சிலர் 17, சிலர் 19 நாள் செய்தார்கள். எல்லோரையும் சேர்த்தால் சுமார் 70 பேர்தான். படித்து வருவதல்ல, புதிய சிக்கலை அவிழ்க்கும் திறன் என்று சொல்லப்படும் நுண்ணறிவே கூடியது, அதுவும் அதிக நாள் செய்தவர்களுக்கு அதிகமாகக் கூடியது என்பது முடிவு. உலகம் முழுக்கச் செய்தியானது. மாத்திரையைக் கூட்டினால் குணம் கூடுகிறது என்கிற மாதிரியான முடிவு யாரையும் அசைக்கும், எனக்கும் அப்போது நம்பத் தோன்றியது.

அடுத்த வருடமே டேவிட் மூடி என்பவர் அந்தக் கட்டுரையின் செய்முறைப் பகுதியை உட்கார்ந்து படித்துவிட்டு ஒரு விமர்சனம் எழுதினார். அவர் சுட்டிக்காட்டியதைப் பார்க்கப் புள்ளியியலே தேவையில்லை. 8 நாள் குழுவுக்கு வைத்தது ரேவன் என்கிற தேர்வு, மற்ற குழுக்களுக்கு வைத்தது போமாட் என்கிற வேறொரு தேர்வு. ஆக, 8 நாளுக்கும் மற்றவற்றுக்கும் இடையே மாறியது நாள் எண்ணிக்கை மட்டுமல்ல, அளவுகோலும் மாறியிருக்கிறது. அதோடு, 29 கேள்விகள் கொண்ட போமாட் தேர்வுக்கு வழக்கமாக 45 நிமிடம் தருவார்கள், இங்கே தந்தது 10 நிமிடம். கேள்விகள் எளிதில் தொடங்கிக் கடினமாகிக்கொண்டே போகும் தேர்வு அது, 10 நிமிடத்தில் கடினமான பகுதிக்கு யாராலும் போய்ச் சேர முடியாது. அப்படியானால் அளந்தது சிக்கலான யோசனையையா, எளிய கேள்விகளை வேகமாக முடிக்கும் சாமர்த்தியத்தையா? இதற்கெல்லாம் மேல், ஒப்பீட்டுக் குழு ஒன்றுமே செய்யவில்லை. முதல் தேர்வு எழுதிவிட்டு வீட்டுக்குப் போனார்கள், கடைசித் தேர்வுக்கு வந்தார்கள், அவ்வளவுதான்.

இதில் என்ன தப்பு, நீங்கள்தானே சும்மா இருந்தவர்களைத் தேடச் சொன்னீர்கள் என்று கேட்பீர்கள். சும்மா இருந்தவர்கள் இல்லாமல் ஆய்வே கிடையாது, ஆனால் அவர்கள் மட்டும் போதாது. தினமும் ஆய்வகத்துக்கு வந்து தலைவலியோடு 25 நிமிடம் உழைத்தவருக்குக் கடைசித் தேர்வில் நன்றாகச் செய்தாக வேண்டும் என்கிற முனைப்பு தானாக வந்துவிடும். வீட்டில் இருந்தவருக்கு அது ஏன் வரப்போகிறது? அதனால் இன்னொரு குழுவும் வேண்டும்: அதே அளவு நேரம், அதே அளவு உழைப்பு, அதே நம்பிக்கை, ஆனால் நுண்ணறிவைக் கூட்டும் என்று யாரும் கருதாத ஒரு வேலை. தாமஸ் ரெடிக் குழுவினர் அப்படித்தான் செய்தார்கள். ஒரு குழுவுக்கு டூயல் என்-பேக், ஒரு குழுவுக்குத் திரையில் குறியைத் தேடிக் கண்டுபிடிக்கும் பயிற்சி, மூன்றாவது குழு சும்மா, 20 அமர்வுகள், ஒன்றல்ல பல தேர்வுகள். 2013-ல் வெளியான முடிவு: பயிற்சி எடுத்த வேலையில் எல்லோரும் தேறினார்கள், நுண்ணறிவுத் தேர்வுகளில் எந்தக் குழுவும் மற்றதைவிடக் கூடுதலாகத் தேறவில்லை.

இதற்குப் பிறகும் விவாதம் ஓயவில்லை, ஓயக்கூடாதும்தான். 2015-ல் 20 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு, சின்னதாக இருந்தாலும் பலன் உண்டு, ஐக்யூவில் 3 முதல் 4 புள்ளி வரும் என்றது. அதே ஆய்வுகளை மறு வருடம் இன்னொரு குழு எடுத்து, ஒப்பீட்டுக் குழு சும்மா இருந்தவை ஒரு பக்கம், ஒப்பீட்டுக் குழுவும் ஏதோ வேலை செய்தவை ஒரு பக்கம் என்று பிரித்துப் பார்த்தார்கள். முன்னதில் பலன் தெரிந்தது, பின்னதில் பலன் இல்லை என்பதற்கே சான்று கூடுதலாக இருந்தது. அதே தரவுதான், இரண்டு கூடையாகப் பிரித்ததும் கதை மாறிவிட்டது. தொகுப்பாய்வு என்றதும் கும்பிடு போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், கலப்படமான இருபது பாலை ஒரே அண்டாவில் ஊற்றினால் அது சுத்தமான பாலாகிவிடாது.

எதிர்பார்ப்பு மட்டுமே எவ்வளவு தூரம் கொண்டுபோகும்? 2016-ல் சைரஸ் ஃபரூகி குழு அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் இரண்டு விதமான போஸ்டர் ஒட்டியது. ஒன்று, மூளைப் பயிற்சி, அறிவுத்திறன் மேம்பாடு என்று அழைத்தது, இன்னொன்று வெறுமனே ஓர் ஆய்வில் பங்கெடுக்க வாருங்கள் என்றது. இரண்டையும் பார்த்து வந்தவர்களுக்கு ஒரே பயிற்சி, ஒரே ஒரு மணி நேரம். மறுநாள் முதல் கூட்டத்துக்கு 5 முதல் 10 ஐக்யூ புள்ளி கூடியிருந்தது, இரண்டாம் கூட்டத்துக்கு ஒன்றுமில்லை. ஆக, போஸ்டரைப் படித்தே ஐக்யூ கூடிவிட்டது!

கொஞ்சம் நில்லுங்கள். எனக்கு ரொம்பப் பிடித்த ஆய்வு இது, அதனால்தான் இதையும் அதே தராசில் வைக்க வேண்டும். மொத்தம் 50 பேர், குழுவுக்கு 25. எந்த போஸ்டரைப் பார்த்து வருவது என்பதை வந்தவர்களே தீர்மானித்துக்கொண்டார்கள், குலுக்கிப் போட்டுப் பிரிக்கவில்லை. மூளைப் பயிற்சி என்று எழுதியிருப்பதைப் பார்த்து வருகிறவர் ஏற்கெனவே வேறு மாதிரி ஆளாக இருக்கலாம். எதிர்பார்ப்புக்கு வேலை இருக்கிறது என்று சந்தேகப்பட இது போதும், 10 புள்ளி என்று எழுதி வைத்துக்கொள்ளப் போதாது. நமக்கு வேண்டாத முடிவு வந்தால் ஆள் குறைவு என்போம், வேண்டிய முடிவு வந்தால் எண்ணிக்கையைப் பார்க்கவே மாட்டோம். இந்த வியாதி எனக்கும் உண்டு.

ஆள் எண்ணிக்கை என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. சின்ன ஆய்வு என்றால் தெளிவில்லாத முடிவு வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி மட்டும் இருந்தால் பரவாயில்லை, உண்மையில் அது அளவுக்கு மீறிப் பெரிய முடிவைத் தரும். குழுவுக்கு 20 பேர் என்றால், இரண்டு குழுவுக்கும் இடையே வித்தியாசம் 0.64 திட்டவிலக்கம், அதாவது ஐக்யூவில் 9.6 புள்ளியாவது இருந்தால்தான் பி மதிப்பு 0.05-க்குக் கீழே, அதாவது வெறும் தற்செயல் அல்ல என்று வழக்கமாக ஏற்றுக்கொள்ளும் எல்லைக்குக் கீழே, இறங்கும். பயிற்சியின் உண்மையான பலன் 3 புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து குழுக்கள் இதே ஆய்வைச் செய்தால் கிட்டத்தட்ட ஒன்றுக்குத்தான் அந்த வாசலைத் தாண்டும் அதிர்ஷ்டம் கிடைக்கும், தாண்டிய அந்த ஒன்று சொல்லும் எண் 10-க்கு மேல். மற்ற ஒன்பதும் மேசை இழுப்பறையில் தூங்கும். நாம் படிப்பது தாண்டியதை மட்டும்தான். அதனால் குழுவுக்கு இருபது பேர் வைத்துக்கொண்டு ஒருவர் பெரிய பலனைச் சொன்னால், பலன் பெரிதாக இருப்பதே சந்தேகத்துக்குக் காரணம்.

இதற்கு நல்ல உதாரணம் நுண்ணறிவில் அல்ல, யோசிக்கும் திறனில் இருக்கிறது. மட்டையும் பந்தும் சேர்ந்து 1 டாலர் 10 சென்ட், மட்டை பந்தைவிட 1 டாலர் அதிகம், பந்தின் விலை என்ன? வாயில் முதலில் வருவது 10 சென்ட், சரியான விடை 5. இந்த மாதிரி மூன்று கேள்விகள் கொண்ட சின்னத் தேர்வை 2005-ல் ஷேன் ஃப்ரெடரிக் பிரபலமாக்கினார். 2007-ல் ஆடம் ஆல்டரும் சகாக்களும் பிரின்ஸ்டன் மாணவர்கள் 40 பேரிடம் இதைத் தந்தார்கள், பாதிப் பேருக்குத் தெளிவான எழுத்தில், பாதிப் பேருக்குக் கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய மங்கலான சாய்வெழுத்தில். தெளிவாகப் படித்தவர்களில் 90 சதவீதம் பேர் ஒன்றிலாவது தவறினார்கள், மங்கலாகப் படித்தவர்களில் தவறியது 35 சதவீதம்தான். படிக்கக் கஷ்டமாக இருந்தால் மூளை விழித்துக்கொண்டு நிதானமாக யோசிக்கிறது என்பது விளக்கம். புகழ்பெற்ற புத்தகங்களில் எல்லாம் ஏறிவிட்டது, கேள்வித்தாளை மங்கலாக அச்சடிக்கலாமா என்று யோசித்தவர்களும் இருந்திருப்பார்கள்.

90-க்கும் 35-க்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். வருடக்கணக்கில் கணக்குப் பாடம் நடத்தினாலும் சுலபமாக வராத முன்னேற்றம், எழுத்துரு மாற்றினால் வருமா? 2015-ல் ஆண்ட்ரூ மேயரும் பலரும் சேர்ந்து இதையே 16 தடவை திருப்பிச் செய்து பார்த்த தரவுகளை வெளியிட்டார்கள், எல்லாம் சேர்த்துச் சுமார் 7,000 பேர். எழுத்துருவால் ஒரு வித்தியாசமும் இல்லை. 40 பேரிடம் கிடைத்த மலை 7,000 பேரிடம் தரைமட்டம். முதல் ஆய்வு செய்தவர்கள் யாரும் ஏமாற்றவில்லை, இருபது இருபது பேராகப் பிரித்தால் இப்படியும் ஒரு தடவை விழும், அவ்வளவுதான்.

ஏமாற்று என்றதும் உடனே நினைவுக்கு வருகிறவர் சிரில் பர்ட். பிரிட்டனில் நுண்ணறிவு ஆய்வின் பெரிய தலை, சர் பட்டம் பெற்றவர், 1971-ல் இறந்தார். பிறந்ததும் பிரிக்கப்பட்டு வெவ்வேறு வீட்டில் வளர்ந்த ஒத்த இரட்டையர்களின் ஐக்யூ எவ்வளவு ஒத்துப்போகிறது என்று அளந்தார். 1955-ல் 21 ஜோடி, ஒட்டுறவுக் கெழு 0.771. 1958-ல் 30 ஜோடிக்கு மேல், 0.771. 1966-ல் 53 ஜோடி, மறுபடியும் 0.771. ஒரே வீட்டில் வளர்ந்த இரட்டையர்களுக்கும் இதே கதை, மூன்று தடவையும் 0.944. ஜோடிகள் சேரச் சேர மூன்றாம் தசம இலக்கம்கூட அசையாமல் நிற்பது எந்த ஊரிலும் நடக்காது. பர்ட் இறந்த பிறகு, 1974-ல் லியோன் காமின் இதைப் போட்டு உடைத்தார். அவர் செய்தது என்ன? மூன்று கட்டுரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். பல வருடம் பேராசிரியர்கள் மேற்கோள் காட்டிய எண்களை ஒருவர்கூட அப்படி வைத்துப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். பர்ட் வேண்டுமென்றே புனைந்தாரா, வெறும் அலட்சியமா என்று பின்னாளில் அவருக்கு ஆதரவாகப் புத்தகம் எழுதியவர்களும் உண்டு. எப்படியானாலும் அந்த எண்கள் குப்பைக்குத்தான். அதே சமயம், எண் குப்பை என்பதால் முடிவும் பொய் என்று தாவிவிடக் கூடாது. பிரிந்து வளர்ந்த நூற்றுக்கு மேற்பட்ட இரட்டையர் ஜோடிகளை வைத்து மின்னசோட்டாவில் நடந்த ஆய்வு 1990-ல் வெளியானபோது, பர்ட் சொன்னதற்கு அதிகத் தூரமில்லாத ஓர் எண்ணைத்தான் தந்தது.

எண்கள் உண்மையிலேயே சாத்தியமா என்று பார்க்க நீங்களே போடக்கூடிய ஒரு கணக்கு இருக்கிறது, கால்குலேட்டர் போதும். 17 பிள்ளைகள் எழுதிய தேர்வில் சரியான விடைகளின் சராசரி 12.45 என்று போட்டிருக்கிறது என்போம். விடைகள் முழு எண்ணாகத்தான் வரும், அரைக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது. மொத்தம் 211 என்றால் சராசரி 12.41, 212 என்றால் 12.47. நடுவில் 12.45 வர வழியே இல்லை. நிக் பிரவுனும் ஜேம்ஸ் ஹீதர்ஸும் இந்தச் சோதனைக்கு கிரிம் என்று பெயர் வைத்து, கணக்குப் போட ஏதுவாக இருந்த 71 உளவியல் கட்டுரைகளைச் சோதித்தபோது, ஏறக்குறையப் பாதியில் ஒரு சராசரியாவது சாத்தியமில்லாததாக இருந்தது. பெரும்பாலும் அச்சுப்பிழை, இடையில் விலகிப்போனவர்களைச் சொல்லாமல் விட்டது என்று சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும், உடனே திருடன் என்று கத்த வேண்டாம். நூறு பேருக்கு மேல் போனால் இரண்டு தசமத்தில் இந்தச் சோதனை எதையும் காட்டிக்கொடுக்காது.

கடைசியாக அந்த பி மதிப்பு. பயிற்சியால் ஒரு பலனும் இல்லை என்றே வைத்துக்கொண்டால், தற்செயலாக இவ்வளவோ இதைவிடவோ பெரிய வித்தியாசம் வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் அது. பயிற்சி பலிக்க 95 சதவீத வாய்ப்பு என்று அர்த்தமில்லை. நோட்டீஸ்களில் அடிக்கடி நடக்கும் தில்லுமுல்லு இது: பயிற்சிக் குழு 6 புள்ளி கூடியது, பி மதிப்பு 0.03, மற்ற குழு 4 புள்ளி கூடியது, பி மதிப்பு 0.12, எனவே பயிற்சி பலித்தது. பலித்தது 2 புள்ளிதானே, அந்த 2-க்கு பி மதிப்பு எங்கே? நோட்டீஸ் அடிப்பவர்களை மட்டும் சொல்லவில்லை, 2011-ல் மூன்று ஆய்வாளர்கள் முன்னணி இதழ்களில் வந்த நரம்பியல் கட்டுரைகளைப் பார்த்தார்கள். இந்தத் தவறு நேர வாய்ப்பிருந்த 157 கட்டுரைகளில் 79 அதைச் செய்திருந்தன.

மூளைப் பயிற்சி விளம்பரம் இந்த ஊரில் மட்டும் நடப்பதில்லை என்பதற்காகச் சொல்கிறேன், அமெரிக்காவில் மூளைப் பயிற்சி விளையாட்டுகளை விற்கும் லூமோசிட்டி நிறுவனம் ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் தொடர்ந்த வழக்கு 2016 ஜனவரியில் 20 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொள்ளப்பட்டது.

இப்போது உங்கள் நோட்டீஸுக்கு வருவோம். 15 புள்ளி பெரிதா சின்னதா என்று பார்க்க ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா? ஐக்யூவைக் கூட்டுவதாக உறுதியான சான்று உள்ள விஷயங்களில் முதலிடம் பள்ளிக்கூடத்துக்குத்தான். 2018-ல் ஸ்டூவர்ட் ரிச்சியும் எலியட் டக்கர்-டிராபும் 6 லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் தரவைத் தொகுத்துப் பார்த்ததில், கூடுதலாக ஒரு வருடம் படித்தால் 1 முதல் 5 புள்ளி கூடுகிறது என்று தெரிந்தது. அந்தக் கணக்கில் 15 புள்ளி என்பது குறைந்தபட்சம் மூன்று வருடப் படிப்பு, அதை 12 வாரத்தில் தருகிறார்களாம். பள்ளியில் கேளுங்கள்: எத்தனை பிள்ளைகள், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், பயிற்சி எடுக்காத பிள்ளைகளுக்கு அந்த 12 வாரத்தில் எவ்வளவு கூடியது. நிஜமாகவே அப்படி ஒரு பயிற்சி கையில் இருந்தால், அந்த மூன்றாவது எண்ணைத்தான் நோட்டீஸில் எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள்.